பனியன் ஊரில் ஆண்டவர் நடத்தும் பாடம்

(பங்கின் பொன்விழா ஆயத்த நாட்களின் இரண்டாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு மூன்று மாலைகள் ஒன்றுகூடி நம்மை ஆயத்தம் செய்துகொள்கிறோம். இரண்டாம் மாலையாகிய இன்று பேசுவதற்கு விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்திருக்கும் பொருள், "அன்றாட வாழ்வில் விசுவாசப் பாடங்கள்" என்பது. கேட்டவுடன், இது சுலபமான பொருள், அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், இதைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு தகுதி உண்டு என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஏன் என்பதை நான் சொல்லச் சொல்ல நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அன்றாட வாழ்விலிருந்து பாடம் சொல்வது நம் ஆண்டவர் தாமே கைக்கொண்ட முறை. மோட்ச இராச்சியத்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது அவர் எதைக் காட்டினார்? மாவிலே கலந்த புளிப்பைக் காட்டினார். கடலில் வீசிய வலையைக் காட்டினார். விதைக்கப் புறப்பட்ட விவசாயியைக் காட்டினார். தொலைந்துபோன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் தேடும் ஒரு பெண்ணைக் காட்டினார். துணித் தொழில் செய்கிற நமக்கென்றே சொன்னதுபோல ஒன்றும் உண்டு. பழைய ஆடையில் கிழிசல் கண்டால், சலவை காணாத புதுத் துணியை வைத்து ஒட்டுப் போடாதே. புதுத் துணி இழுத்துக்கொண்டு, கிழிசல் முன்னிலும் பெரிதாகும் என்கிறார். மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. துணி சுருங்கும் என்கிற விஷயம் ஆண்டவருக்கு எப்படித் தெரிந்தது? நாசரேத்தூர் வீட்டில் தேவமாதா ஒட்டுப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார். ஒருமுறை போட்ட ஒட்டு கிழிந்து, மறுபடி போட்டதையும் பார்த்திருப்பார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஆண்டவர் ஏறக்குறைய முப்பது வருஷம் பார்த்தார். மூன்று வருஷம் பேசினார். என்னைப் போன்ற குருக்களோ மூன்று நாள் பார்த்துவிட்டு முப்பது வருஷம் பேசுகிறோம்.

குருமடத்தில் பிரசங்கம் செய்யும் கலைக்கென்று வகுப்பு உண்டு. "மக்களுடைய தொழிலிலிருந்து உவமை எடுத்துச் சொல்லுங்கள், மனத்தில் நிற்கும்" என்று பேராசிரியர் சுவாமி சொல்லுவார். நல்ல அறிவுரை. அதற்காக நான் ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தேன். திருப்பூர்ப் பகுதிக்கு முதன்முதலாக உதவிப் பங்குத்தந்தையாக வந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். எந்தப் பக்கம் திரும்பினாலும் உவமை! நிட்டிங் மெஷினைப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் வட்டமாக நின்று வேலை செய்கின்றன. அதில் ஓர் ஊசி ஒடிந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழுந்துவிடுகிறது. உடனே நோட்டில் எழுதினேன்: "ஒருவன் செய்யும் பாவம் திருச்சபை முழுவதையும் பாதிக்கிறது." ஓவர்லாக் மெஷினைப் பார்த்தேன். பிசிரை வெட்டிக்கொண்டே தைக்கிறது. எழுதினேன்: "ஆண்டவர் நம்மை வெட்டுவதும் இணைப்பதற்கே." இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயரை மட்டும் எழுதவில்லை. கேட்கவே இல்லை, பிறகு எப்படி எழுதுவது?

இந்த நோட்டுப் புத்தகம் எப்படி மூடப்பட்டது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். மூடியவர்கள் மூன்று பேர்.

முதலாவது, ஒரு விவசாயி.

அப்போது நான் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் குருத்துவமும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறீர்கள். இதற்கு நான் எடுத்த உவமை சாயம். மட்டமான சாயம் முதல் சலவையிலேயே போய்விடும். நல்ல சாயம் நூலோடு நூலாகக் கலந்து நிற்கும், துணி நைந்தாலும் நிறம் மாறாது. ஞானஸ்நானம் அப்படிப்பட்டது என்றேன். கோவிலில் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முகங்கள் மலர்ந்தன. எனக்கும் திருப்தி.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். நொய்யல் கரையில், ஊருக்குக் கிழக்கே, ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சாமி, நல்லாச் சொன்னீங்க. சாயம் துணியில நின்னுருச்சு, சரிங்க. நிக்காத சாயம் எங்கீங்க போச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "எங்க கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க சாமி."

அன்றைக்குத்தான் நான் விசாரிக்கத் தொடங்கினேன். பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தைத் துணிக்குள் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிகிறது. அது துணியில் தங்குவதில்லை. நிற்காத சாயமும் உப்பும் சேர்ந்து அலசிய தண்ணீரோடு வெளியே போகின்றன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற நொய்யல் ஆறு அந்தத் தண்ணீரையெல்லாம் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அணையின் கீழ்ப்புறத்து விவசாயிகளோ, இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலைக்கு ஆளானார்கள்.

நாம் இவ்வுலகத்துக்கு உப்பாய் இருக்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்ததை வைத்து அதே கோவிலில் நான் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். உப்பு சுவை தரும், கெடாமல் காக்கும் என்று அடுக்கியிருக்கிறேன். மண்ணுக்கு உப்பாக இருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அந்தப் பெரியவருடைய மண்ணுக்கு உப்பே எமனாக வந்திருந்தது. அவர் பல வருஷமாக இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. கழிவுநீரைச் சுத்திகரித்து அதையே மறுபடி பயன்படுத்தும் நிலையங்கள் சரியான பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தன. இடையிலே பட்டறைத் தொழிலாளி வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். நிலம் கெட்ட விவசாயியும் வேலை கெட்ட தொழிலாளியும் ஒரே திருவிருந்தில் பங்குகொண்டார்கள். இருவரும் என்னிடம் செபிக்கச் சொன்னார்கள். யார் பக்கம் நின்று செபிப்பது என்று தெரியாமல் பீடத்தின் முன் நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. என்மேல் ஒட்டி நிற்கும் அருள் எவ்வளவு என்று பார்ப்பதோடு என் விசுவாசம் முடிந்துவிடக் கூடாது. என் வாழ்விலிருந்து கழிந்து போவது யாருடைய கிணற்றில் போய்ச் சேருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆதியாகமத்தில் ஆண்டவர் காயீனிடம், உன் தம்பி எங்கே என்றுதான் கேட்டார். நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரும்போது, பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் நான் சம்பாதித்த வழியில் எனக்குக் கீழ்க்கரையில் இருக்கிறவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி அழுத ஒருவரையும் அதுவரை நான் கேட்டதில்லை. நானும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது, ஒரு பெண்பிள்ளை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லுகிறேன், ஏனென்றால் தவறு நடந்தது இதே பங்கில், இதே பீடத்தில்.

ஒரு ஞாயிறு காலைப் பூசை. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், பிரசங்கம் தொடங்கிய இரண்டாவது நிமிஷமே தூங்கிவிட்டாள். நான் பேச்சை நிறுத்தினேன். "கெத்செமனித் தோட்டத்தில் சீடர்கள் தூங்கினார்கள். இங்கே நம் பங்கிலும் ஒரு சீடர் இருக்கிறார்" என்றேன். கோவில் முழுவதும் சிரித்தது. பிள்ளை விழித்துப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து, பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் பனியன் கம்பெனியில் புதிதாகப் போட்ட கட்டிங் மேசையை மந்திரிக்க அழைத்தார். மந்திரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம், ரோலாக வந்த துணியைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தளர்த்தி, அடுக்கிப் போட்டிருந்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. "இது ஏன் சும்மா கிடக்கிறது?" என்று அங்கே நின்ற கட்டிங் பையனைக் கேட்டேன்.

"சும்மா கெடக்கலீங்க ஃபாதர். ரெஸ்டுல இருக்குதுங்க. இழுத்துப் பிடிச்சுச் சுத்தின துணிங்க. ஒரு ராத்திரியாவது இப்படிப் பிரிச்சுப் போட்டாத்தான் தன்னோட அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டிட்டா, தெச்சப்புறம் சுருங்கிப் போயிரும். எம் சைஸ் எஸ் ஆயிரும்."

பழக்கதோஷம், எனக்குள்ளே நோட்டுப் புத்தகம் திறந்துகொண்டது. ஓய்வுநாளுக்கு இதைவிட நல்ல உவமை எங்கே கிடைக்கும்? வாரம் முழுவதும் இழுபட்ட மனிதன் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய சந்நிதியில் தளர்ந்து கிடந்தால்தான் கடவுள் படைத்த தன் அளவுக்குத் திரும்புவான்! அருமை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "துணிக்கு ரெஸ்ட் கட்டாயமுங்க ஃபாதர். ஷிப்மென்ட் நேரத்துல எங்களுக்குத்தான் அது கெடையாது. அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, தூங்கின சீடர். அது என்ற தங்கச்சிங்க. செக்கிங்ல இருக்குது. சனிக்கிழமை காலையில போன பிள்ள, ஞாயித்துக்கிழமை விடிகாலம் நாலு மணிக்கு வந்து, குளிச்சுட்டு நேரா பூசைக்கு வந்துச்சு."

அன்பார்ந்தவர்களே, அதற்குமேல் நான் எந்த உவமையும் எழுதவில்லை.

அன்று இரவு யாத்திராகமத்தையும் உபாகமத்தையும் எடுத்துக் கட்டளைகளை மறுபடி படித்தேன். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் அனுசரிக்கும் கட்டளையை நான் எப்போதும் தொழிலாளியைப் பார்த்துத்தான் சொல்லிவந்தேன்: "ஞாயிறு பூசைக்கு வராமல் இருப்பது பாவம்." ஆனால் அந்தக் கட்டளை யாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். வீட்டு எஜமானிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நீயும், உன் மகனும் மகளும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மாடும் கழுதையும், உன் ஊரில் வந்து தங்கியிருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது கருத்து. உபாகமம் காரணமும் சொல்லுகிறது: நீயே ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாய் இருந்தவன், மறந்துவிடாதே என்கிறது. திருப்பூரில் இந்த வார்த்தைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கைமடியாகச் சேர்ந்து, டைலராகி, நாலு மெஷின் போட்டு, இன்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறவர்கள் இந்தக் கோவிலிலேயே இருக்கிறீர்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்பும் கால் எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய அம்மா பதறிப்போய், "நீங்க எதுக்குங்க சாமி மன்னிப்புக் கேக்கறீங்க" என்றார்கள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தாள். பிரசங்கத்தின்போது தூங்கினாள். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

அதன் பிறகுதான் நம் பங்கில் ஞாயிறு மாலைப் பூசை தொடங்கியது. எதற்காக என்று இதுவரை நான் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, பிசிர் வெட்டும் ஒரு அம்மா.

நம் அன்பியக் கூட்டம் ஒன்றில் மத்தேயு 20ஆம் அதிகாரத்தை வாசித்தோம். திராட்சைத் தோட்டத்து உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு வெள்ளிப்பணம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு வெள்ளிப்பணம். திருப்பூரில், அதுவும் பீஸ் ரேட்டில் பழகிய நம் மக்களிடம் இந்த உவமையை வாசித்தால் என்ன நடக்கும்? சண்டை நடக்கும்! "அதெப்படிங்க ஃபாதர் நியாயமாகும்? நாளைக்கு எவன் காலையில வருவான்?" என்றார் ஒருவர். "அந்த மொதலாளி கம்பெனிய ஒரு மாசம் நடத்த முடியாது" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் குருமடத்தில் படித்தபடி, இது கூலியைப் பற்றியதல்ல, கடவுளுடைய இலவசமான அருளைப் பற்றியது என்று விளக்கத் தொடங்கினேன்.

ஓரமாக, மடியில் பனியன் கட்டை வைத்துக்கொண்டு, கூட்டத்திலும் கையை நிறுத்தாமல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார்கள். விதவை. படிப்பு அதிகம் இல்லை. "அஞ்சு மணிக்கு வந்தவன் அதுவரைக்கும் தூங்கிட்டா இருந்தான்? கூப்புடுவாங்களான்னு காலையில இருந்து நின்னுருக்கறானுங்க. வேலை செஞ்சவனுக்குக் கையி மட்டுந்தான் வலிக்கும். நின்னவனுக்கு மனசு வலிக்கும். அவனூட்லயும் அடுப்பு எரியோணுமல்லங்க?"

வீடு அமைதியாகிவிட்டது. நான் வேத புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆம், அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுவதும் ஏன் நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்க, தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொல்லுகிறார்கள். எத்தனையோ முறை பிரசங்கம் செய்த பகுதி. ஆனாலும் அந்தப் பதிலில் இருந்த வேதனை என் காதில் விழுந்ததில்லை. அந்த அம்மாவின் காதில் விழுந்தது, ஏனென்றால் அவர்கள் நின்றிருக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோது நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி விதித்து, ஆர்டர்கள் தடைபட்டபோது மறுபடி நின்றார்கள். எங்கோ கடலுக்கு அப்பால் ஒருவர் போடுகிற கையெழுத்து, பிசிர் வெட்டும் ஒரு அம்மாவின் மடியைக் காலியாக்கிவிடுகிறது.

அன்பியத்தில் இன்னொரு பேச்சும் எழுந்தது. "வடக்கத்திப் பசங்க வந்துதான் நம்ம வேலையெல்லாம் போச்சு" என்றார் ஒருவர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்து, தமிழ் புரியாமலே நம் பூசைக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சிலுவை அடையாளம் மட்டும் நம்மோடு சேர்ந்து போடுகிற பிள்ளைகளைப் பற்றித்தான் அவர் சொன்னார். அந்த அம்மாவே பதிலும் சொன்னார்கள்: "அதுகளும் அஞ்சு மணிக்கு வந்ததுகதானுங்க." இதற்குமேல் நான் என்ன வியாக்கியானம் சொல்ல?

சனிக்கிழமை சாயங்காலம் நம் ஊரில் சம்பள நேரம். சூரியன் அஸ்தமிக்குமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், ஏழையின் உயிர் அதில் இருக்கிறது என்பது உபாகமத்தின் போதனை. கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி சும்மா இருப்பதில்லை, ஆண்டவரின் செவியை எட்டும்படி கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கிறார். அப்படியானால் சனிக்கிழமை சாயங்காலமும் ஆண்டவர் நம்மைச் சந்திக்கும் நேரமே. ஞாயிறு காலையில் காணிக்கைத் தட்டில் நாம் போடுகிற பணத்தை, முந்தின நாள் சாயங்காலத்துச் சம்பளக் கணக்கோடு சேர்த்துத்தான் அவர் பார்ப்பார்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். இந்த மூவரும் எனக்குப் புதிதாக ஒன்றையும் கற்பிக்கவில்லை. குருமடத்தில் நான் படித்துப் பரீட்சையும் எழுதி, மறந்துபோன ஒன்றை நினைவூட்டினார்கள். பெல்ஜியம் நாட்டில் ஜோசப் கார்டின் என்று ஒரு குருவானவர் இருந்தார். 1882இல் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தம்மோடு பள்ளியில் படித்துவிட்டு ஆலைக்கு வேலைக்குப் போன தோழர்கள் தம்மை அந்நியனைப்போல் பார்ப்பதைக் கண்டு மனம் நொந்தார். 1906இல் குருவானார். தொழிலாள இளைஞர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதற்கு முன்னால், எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி, மேஸ்திரி எப்படிப் பேசுகிறான் என்று கேட்டார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. "காண், ஆராய், செயல்படு" என்பது அவர் வகுத்த முறை. 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். கார்டின் சுவாமி 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1967இல் இறைவனடி சேர்ந்தார். இப்போதைய பாப்பரசர் 14ஆம் சிங்கராயர் 2025இல் தெரிவு செய்யப்பட்டபோது, 1891இல் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் சிங்கராயரை நினைத்தே இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாகச் சொன்னார்.

முதலில் காண்பது. பிறகு ஆண்டவருடைய வார்த்தையை வைத்து ஆராய்வது. பிறகு செயல்படுவது. என் நோட்டுப் புத்தகத்தில் நடுப்படி மட்டும்தான் இருந்தது. காணாமலே ஆராய்ந்தேன், ஆராய்ந்ததோடு நிறுத்திக்கொண்டேன். பாடத்தை முன்கூட்டியே பையில் போட்டுக்கொண்டு போய், கண்ணில் படுகிற பொருளின்மேல் ஒட்டிவிட்டு வந்தேன். அப்படி ஒட்டியது சலவை காணாத துணியில் போட்ட ஒட்டுத்தான். நம் வசதிக்குத் தகுந்தபடி அன்றாட வாழ்வு ஒருபோதும் பாடம் சொல்லாது. நம்மைத் தடுத்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்பவர் ஆண்டவர் என்று தெரிந்துகொள்வதுதான் விசுவாசம்.

ஆகவே ஒரு சிறு பழக்கத்தை உங்கள் குடும்பங்களில் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் செபமாலை முடிந்ததும் இரண்டு நிமிஷம். இன்று யாரைப் பார்த்தேன்? அவர் வழியாக ஆண்டவர் என்னிடம் என்ன கேட்டார்? நாளைக்கு நான் என்ன செய்வேன்? வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சிறு பிள்ளைகளும் சொல்லட்டும். அவர்கள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பவர்கள்.

இறுதியாகப் பொன்விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிலுக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. கொடிமரம் புதுப்பித்தாகிவிட்டது. மலரும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் ஐம்பதாம் ஆண்டு என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஏற்படுத்தியபோது என்ன கேட்டார்? அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்துக்குத் திரும்பட்டும். கைமாறிப்போன நிலம் உரியவனிடம் சேரட்டும். நிலமும் விதைப்பில்லாமல் ஓய்ந்திருக்கட்டும் என்றார். நிலத்துக்கு ஓய்வு, உழைத்தவனுக்கு ஓய்வு, கடன்பட்டவனுக்கு விடுதலை. அந்த விவசாயியும் அந்தப் பிள்ளையும் அந்த அம்மாவும் என்னிடம் கேட்டவை இவைதான். நான் உவமை தேடி அலைந்தபோது, அவர்கள் பொன்விழாவின் பொருளையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மெஷின் போட்டுத் தொழில் நடத்தும் சகோதரர்களே, இந்தப் பொன்விழா ஆண்டில் ஆண்டவருக்கு நீங்கள் தரும் காணிக்கையாக, எவ்வளவு அவசர ஷிப்மென்ட் ஆனாலும் சனிக்கிழமை இரவு பெண்பிள்ளைகளை விடியும்வரை நிறுத்திவைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எடுங்கள். முன்பணம் வாங்கிவிட்டுத் திருப்பித்தர வழியில்லாமல் முகத்தை மறைத்துத் திரியும் ஒருவருடைய கணக்கையாவது அடித்துவிடுங்கள். தொழிலாளிச் சகோதர சகோதரிகளே, கடைசி பெஞ்சில் இருக்கும் அந்த வெளியூர்ப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விழாவன்று உங்கள் வீட்டுப் பந்தியில் ஒருவரையாவது உட்காரவையுங்கள். நானும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு முடிவதற்குள் உங்களில் ஒவ்வொருவருடைய வேலையிடத்துக்கும் ஒருமுறை வருவேன். பிரசங்கம் செய்ய வரமாட்டேன். நோட்டும் கொண்டுவரமாட்டேன்.

ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தபோது சேவகர் அவருடைய ஆடைகளைப் பங்கிட்டார்கள். உள்ளங்கி மட்டும் தையல் இல்லாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாய் நெய்யப்பட்டிருந்ததால் அதைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போட்டார்கள் என்று புனித அருளப்பர் எழுதுகிறார். அதை நெய்தவர் யார் என்று நற்செய்தியில் இல்லை. தாம் நெய்த துணி யார் உடம்பில் ஏறும் என்று அவருக்கும் தெரிந்திராது. நீங்களும் அப்படித்தான். நீங்கள் பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, பிசிர் நீக்கி அனுப்பும் பனியனைப் போட்டுக்கொள்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆடையில்லாதவனுக்கு உடுத்தியதைத் தமக்கே உடுத்தியதாக ஏற்றுக்கொள்ளும் ஆண்டவருக்கு உங்கள் ஒவ்வொருவருடைய பெயரும் தெரியும்.

நாசரேத்தூரில் உழைத்துக் குடும்பம் காத்த புனித சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக. கருமத்தம்பட்டியில் கோயில் கொண்டிருக்கும் செபமாலை மாதா நம் இல்லங்களையும் நம் வேலையிடங்களையும் தம் அடைக்கலத்தில் வைத்துக் காப்பாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியாகிய எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

ஆமென்.